இருபது அடி நடந்தார்

"மெல்லமா ஊத்துங்க ஜெஸீம். இது மையித்து, பெயின்ட் வாளியில்ல" என்றார் ஸைனுலாப்தீன் ஹாஜியார்.

ஜெஸீம் கோப்பையைத் தாழ்த்திப் பிடித்தான். வீட்டின் பின்னால், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே நாலு சேலைகளைக் கட்டி மறைத்த இடத்தில், பலகையின் மேல் அவனுடைய மாமனாரின் உடல் கிடந்தது. தொப்புளிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணி. துணியின் விளிம்புக்கு மேலே ஆறு நாள் தையலின் தலை மட்டும் தெரிந்தது. பள்ளிவாசலிலிருந்து குளிப்பாட்ட வந்த இருவரும் வலப்பக்கத்தை முடித்து இடப்பக்கத்துக்கு வந்திருந்தார்கள். ஹாஜியார் எதையும் தொடவில்லை. ஜும்ஆப் பள்ளித் தலைவர் என்ற முறையில் மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

பள்ளி ஒலிபெருக்கி மூன்றாம் முறையாக அறிவித்தது. சாமஸ்ரீ, தேசகீர்த்தி, அல்ஹாஜ், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், அகில இலங்கை சமாதான நீதவான், முன்னாள் இது, இந்நாள் அது. மோதினார் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய பிறகுதான் அப்துல் ஹமீட் என்ற பெயரே வந்தது. மவுத்தானவர் யார் என்று தெரிந்துகொள்ள ஊர் அவ்வளவு நேரம் கையில் தேத்தண்ணியோடு காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தது ஹாஜியார்தான். ஒன்று விடுபட்டுவிட்டதென்று இரண்டாம் முறைக்கு ஆள் அனுப்பித் திருத்தியதும் அவர்தான்.

குளிப்பாட்டுகிறவர்களில் ஒருவர் இடது காலைத் தூக்கினார். தூக்கியவர் தன் கையை ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார்.

"இந்தக் கால் கனக்குதே."

வலது காலோடு சேர்த்துப் பார்த்தால் அது வேறு யாருடையதோ போலிருந்தது. கெண்டைக்கால் உருண்டு, தோல் இழுபட்டுப் பளபளத்தது. உள்ளங்கால் இரண்டும் மாவு போல வெளுத்து மிருதுவாகக் கிடந்தன. ஜெஸீம் காலைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்து ஊற்றினான்.

ஹாஜியார் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னார்:

"பாத்தீங்களா? நடத்தி நடத்தியே வீங்க வெச்சிருக்காங்க. எழுவது வயசு மனிசன். வயித்த வெட்டி ஆறு நாள். நான் அப்பவே சொன்னன், ஆட்டாதீங்க, அசைக்காதீங்க எண்டு. கேட்டாளா அந்த ஆஸ்பத்திரி மிஸ்?"

"ஹாஜியார், மாமா வந்து..." என்று ஜெஸீம் தொடங்கினான்.

"தண்ணி ஊத்துங்க. மையித்துக் குளிப்பாட்டேக்க கதைக்கப்படாது" என்றார், அதுவரை கதைத்துக்கொண்டிருந்த ஹாஜியார்.

*

ஆஸ்பத்திரியில் 'குடும்பமே முதல் தாதி' என்றொரு திட்டம் மூன்று மாதத்துக்கு முன்புதான் தொடங்கியிருந்தது. சத்திர சிகிச்சை முடிந்த நோயாளிக்குப் பக்கத்தில் வீட்டார் ஒருவர் பகல் முழுக்க நிற்கலாம். வெறுமனே நிற்கக் கூடாது. எழுப்பி உட்கார வைக்க வேண்டும், மூச்சு இழுத்துவிடச் சொல்ல வேண்டும், நடக்க வைக்க வேண்டும். செய்ததைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். திறப்பு விழாவில் நாடா வெட்டியது ஆஸ்பத்திரி அபிவிருத்திச் சபைத் தலைவர் அப்துல் ஹமீட் அதிபர். நோயாளியைக் குடும்பம் எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று நாற்பது நிமிடம் பேசினார். அந்த நாற்பது நிமிடமும் மூன்று தாதிமார் வாட்டை விட்டுவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விழாவுக்கு ஆள் காணாது என்று அவரே கூப்பிட்டிருந்தார்.

அந்தப் பேச்சுப் பேசும்போதே அவருக்குக் குடல் இறங்கியிருந்தது. பன்னிரண்டு வருடமாக அதை அகலமான இடுப்புப் பட்டிக்குள் கட்டி, மேலே கோட்டுப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் குடல் சிக்கிக்கொண்டபோது பட்டியையும் கோட்டையும் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சத்திர சிகிச்சை நன்றாகவே முடிந்தது. அடுத்த நாள் காலை தாதி நிலாந்தினி வந்து ஜெஸீமைத் தனியே கூப்பிட்டாள். தம்பிலுவில்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கதைக்கும்போதும் கை எதையாவது செய்துகொண்டிருக்கும்.

"அண்ணா, இஞ்ச பாருங்க. வாட்டில நாப்பத்திரெண்டு பேர். நாங்க மூண்டு பேர். ஊசி, மருந்து, தையலெல்லாம் நான் பாப்பன். அதிபர் சேர எழுப்பி நடத்திறது உங்கட வேல." தலையணையை வயிற்றில் அணைத்து எப்படி இரும வேண்டும், எப்படிப் பக்கவாட்டில் திரும்பிக் காலைத் தொங்கவிட வேண்டும் என்று அவளே வெறும் கட்டிலில் படுத்துக் காட்டினாள். "நொந்தாலும் நடக்கணும். தையல் உடையாது. உடைஞ்சா நான் பாத்துக்கிறன். படுத்தே கிடந்தா காலில ரத்தம் கட்டும், அது நெஞ்சுக்கு ஏறினா நான் ஒண்டும் செய்ய ஏலா. கால் வீங்கினா, கனத்தா, உடன எனக்குச் சொல்லணும். அமுக்கிக் கிமுக்கி விடக் கூடா. விளங்கினதா?"

"விளங்கின மிஸ்."

விளங்கத்தான் செய்தது. ஆனால் அவள் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. மாமனார் மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறவன், அந்த மாமனாரைப் பார்த்து 'எழும்புங்க' என்று எப்படிச் சொல்வது? அவர் ஹோலுக்கு வந்தால் இவன் கதிரையை விட்டு எழும்பி அறைக்குப் போவான். அவர் மருமகனாக மனதில் வைத்திருந்தது நிர்வாக சேவை உத்தியோகத்தர் ஒருவரை. கிடைத்தது பெயின்ட் கடைக்காரன். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்து வைக்கும்போது மட்டும் "இவர் வியாபாரம்" என்று சொல்லிவிட்டு, உடனே காலநிலையைப் பற்றிக் கதைப்பார்.

ஆனாலும் ஜெஸீம் கேட்டான். "மாமா, கொஞ்சம் எழும்பி நடப்பமா? மிஸ் சொன்னாங்க."

அதிபர் வாட்டின் வாசலைப் பார்த்தார். வாசலுக்கு அப்பால் நடைபாதை. நடைபாதைச் சுவரில் திட்டத்தின் பெனர். அதில் கோட்டும் டையுமாக அவரே சிரித்துக்கொண்டிருந்தார். இங்கே கட்டிலில் இவருக்கு இடுப்பில் ஆஸ்பத்திரிச் சாறன், கையில் தூக்கிப் பிடிக்க வேண்டிய சிறுநீர்ப் பை. நடக்கிறதென்றால் அந்தப் படத்துக்குக் கீழேதான் நடக்க வேண்டும். அவரிடம் படித்தவர்கள் மருந்துக் கவுன்டரில் ஒருவர், எக்ஸ்ரே அறையில் ஒருவர்.

"நாளைக்குப் பாப்பம்" என்றார்.

"தாளில எழுதணுமாம் மாமா."

"எழுதுங்க."

"நடக்கல்லயே."

அதிபர் முதன்முறையாக அவனை முழுதாகப் பார்த்தார். முப்பது வருடம் பாடசாலை நடத்தி, அதிகாரிகள் பார்வையிட வரும் நாளுக்கு முதல் நாள் ஒரு வருடத்துப் பதிவேடுகளை ஒரே மாலையில் எழுதி முடித்தவர் அவர். அறுவைக்குப் பிறகு முகத்தில் வந்த முதல் உற்சாகம் அப்போதுதான் வந்தது.

"கட்டம் வெறுமையா கிடந்தாத்தான் பாக்கிறவன் கேள்வி கேப்பான். இண்டைக்கு அஞ்சு அடி போடுங்க. நாளைக்கு எட்டு. பிறகு பன்னெண்டு. வளர்ச்சி தெரியணும். எல்லா நாளும் ஒரே பேனையால எழுதாதீங்க."

அன்றிலிருந்து தினமும் அதுதான் நடந்தது. உட்காரும் நேரம், மூச்சுப் பயிற்சி, நடந்த அடி, கால் வீக்கம் இல்லை. எல்லாவற்றையும் அவர் படுத்தபடி சொல்வார், ஜெஸீம் நின்றபடி எழுதுவான். பதினொரு வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை. ஒருமுறை 'பன்னெண்டு' என்றவர் யோசித்து, "வேணாம், பதினொண்டு போடுங்க. மனிசன் எப்பவும் இரட்ட எண்ணில நடக்க மாட்டான்" என்றார். ஜெஸீமுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்ததில் தையல் இழுத்து முகம் சுருங்கியது.

பார்வையாளர் நேரத்தில் ஊரே வந்தது. நோய் விசாரிப்பது நன்மை. அதிபரை விசாரிப்பது நன்மையோடு ஒரு மரியாதையும்கூட. ஆளுக்கொரு பால்மாப் பெட்டியும் ஒரு ஆலோசனையும் கொண்டுவந்தார்கள். ஹாஜியார் கட்டிலின் தலைமாட்டில் நின்று, "ரெஸ்ட்தான் மருந்து. ஆட்டப்படாது" என்று வருகிற எல்லாருக்கும் அறிவித்தார். நிலாந்தினி ஊசியோடு வந்து, "கொஞ்சம் விலகுங்க, சேர் நடக்கிற நேரம்" என்றால், "நாளைக்கு நடப்பாரு மிஸ், ஆக்கள் வந்திரிக்காங்க" என்று கூட்டமே பதில் சொன்னது. அவள் தாளைப் பார்ப்பாள். காலையிலேயே நடந்துவிட்டதாக அதில் இருக்கும். "சரி, நல்லம்" என்று அடுத்த கட்டிலுக்குப் போவாள். அவளுக்கு இன்னும் நாற்பத்தொரு கட்டில் இருந்தது.

நாலாம் நாள் கொழும்பிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வாட்டிலேயே ஒழுங்காக நிரப்பப்பட்ட தாள் அதுதானாம். அதிபர் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவர் போல, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம் ஜெஸீமின் மனைவி பஹ்மிதா போன் எடுப்பாள். நடப்பதற்கென்று றப்பர்ச் செருப்பு ஒரு சோடி வாங்கி அனுப்பியிருந்தவள் அவள்.

"வாப்பா இண்டைக்கு எத்தின அடி?"

"எட்டு."

"செருப்பு அளவா?"

"ஓம். அளவுதான்."

அந்தப் பக்கம் அவள் உம்மாவிடம் "எட்டாம் உம்மா" என்று சொல்வது கேட்கும். மாமி அந்த எட்டுக்காக இரண்டு ரக்அத் தொழுதாள். பதினொன்றுக்கும் தொழுதாள்.

ஐந்தாம் நாள் பின்னேரம் அதிபர், "நாளக் காலமைக்குரியதையும் இப்பவே போட்டு வைங்க. பத்து மணி, இருபது அடி. பெரிய டொக்டர் வாற நாள், பிறகு அவசரப்பட ஏலா" என்றார். ஜெஸீம் போட்டு வைத்தான். நீலப் பேனையால்.

இன்று காலை ஏழரைக்கு அவர் இடது காலை அசைத்துப் பார்த்தார்.

"மருமகன், இது விறகுக் கட்ட மாதிரிக் கனக்குது. மாமி தைலம் அனுப்பின தானே? கொஞ்சம் உருவி விடுங்க."

மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. வாட்டின் மறுகோடியில் நிலாந்தினி யாருக்கோ வாந்தி எடுக்கப் பாத்திரம் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் அவனிடம் தனக்கென்று ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தரம். ஜெஸீம் கட்டில் விளிம்பில், அவர் முன்னால், உட்கார்ந்தான். உட்கார்ந்ததற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கெண்டையிலிருந்து மேல்நோக்கி, கால் மணி நேரம், அழுத்தி அழுத்தி உருவிவிட்டான்.

"உங்கட கை நல்ல கை" என்றார் அதிபர், கண்ணை மூடியபடி.

ஒன்பதரைக்கு அவர் திடீரென்று எழும்பி உட்கார்ந்தார். ஆறு நாளில் முதல் தரம், யாரும் சொல்லாமல், தானாகவே. வாய் மூச்சைத் தேடியது. ஜெஸீமின் சட்டையைப் பிடித்தார். நிலாந்தினி ஓடி வந்தாள், டொக்டர்மார் வந்தார்கள், திரையை இழுத்தார்கள். ஜெஸீமை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவன் நடைபாதையில், கோட்டுப் போட்டுச் சிரிக்கும் மாமனாருக்குக் கீழே நின்றான்.

திரை விலகியபோது நிலாந்தினி கட்டிலின் கால்மாட்டிலிருந்து தாளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் அவளுடைய கண் நின்றது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள் மெதுவாக, "இன்னும் பத்து மணியாகல்லயே."

  தாளை மற்றக் கடுதாசிகளோடு சேர்த்துக் கட்டாக எடுத்துக்கொண்டு போனாள். பெரிய டொக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காலில கட்டின ரத்தம் நெஞ்சுக்குப் போயிருக்கு. இப்பிடி நல்லா நடந்தவருக்கு வாறது குறைவு. நீங்க உங்களால ஏலுமானத செஞ்சிருக்கீங்க" என்று ஜெஸீமின் தோளில் தட்டினார்.

*

பின்னேர அஸருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை. அடக்கம் முடிந்து, கடலோர மையவாடியில் ஹாஜியார் பேசினார். காற்றுப் பலமாக அடித்ததால் பாதிப் பேச்சைக் கடல் எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில், மர்ஹூம் அவர்கள் மரணப் படுக்கையிலும் படுக்காமல் நடந்தவர் என்று வந்தது. பலர் தலையாட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் நிறைந்திருந்தன. ஹாஜியார் வெறுங்காலோடு வந்தார். ஜனாஸாத் தொழுகை முடிந்து வெளியே வரும்போதே அவருடைய தோல் செருப்பைக் காணவில்லையாம். பள்ளித் தலைவரின் செருப்பே பள்ளியில் களவு போனது அவருக்கு மவுத்தை விடப் பெரிய துக்கமாக இருந்தது. மையவாடி மணலில் நடந்த காலைக் கதிரையில் உட்கார்ந்து மாறி மாறித் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஜெஸீமைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அமைச்சுக்கு ஒரு மனு அடிக்கிறன். வயோதிபரை வற்புறுத்தி நடக்க வைத்தமை. அந்த மிஸ்ட பேரையும் போட்டுத்தான். ஆதாரம் ஆஸ்பத்திரித் தாளிலயே கிடக்குதே, எத்தின அடி எண்டு! எடுத்துப் பாக்கட்டும். வேல போகாட்டியும் முல்லைத்தீவுப் பக்கமாவது தூக்கி அடிப்பாங்க. இந்த நடக்க வைக்கிற கூத்தையும் நிப்பாட்டணும். நீங்கதான் கண்கண்ட சாட்சி. நாளைக்குக் கையெழுத்து வைக்கணும்."

"ஹாஜியார், அந்த மிஸ்..."

"பாவம் பாக்காதீங்க. உங்கட மாமாக்காக எண்டு நினைங்க." காலைத் தூக்கிக் காட்டினார். "ஒரு செருப்பு இரிந்தாப் பாருங்க. மஃரிப் தொழுகைக்குப் போகணும்."

ஜெஸீம் உள்ளே போனான். ஹோலில் பெண்களின் நடுவில் மாமி வெள்ளை உடுத்து உட்கார்ந்திருந்தாள். "நேத்து பதினஞ்சு அடி நடந்தாராம். சுகமாகித்தான் வந்தாரு. அல்லாஹ் கூப்பிட்டிட்டான்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். பதினைந்து என்ற எண்ணை அவள் ஒரு நகையைக் கழற்றி வைப்பது போல மெல்லச் சொன்னாள்.

அறையில் பஹ்மிதா கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையைத் திறந்து வைத்திருந்தாள். அழுது முடித்த முகம். பிளாஸ்க், துவாய், உடைக்காத மாப்பெட்டி இரண்டு, தைலப் போத்தல் என்று ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் அடுக்கினாள். தைலம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"ஹாஜியார் செருப்புக் கேக்கிறாரு" என்றான் ஜெஸீம் வாசலில் நின்று.

"இதுக்குள்ள வாப்பாட கிடக்கு."

பையின் அடியில் கையை விட்டு ஒரு செருப்பைப் பிடித்து இழுத்தாள். அதோடு சேர்ந்து மற்றதும் எழும்பி வந்து, அவள் கைக்குக் கீழே தொங்கி ஆடியது. கடையில் சோடி பிரியாமல் கோர்த்து விடுகிற பிளாஸ்டிக் நூல், ஒரு விரல் நீளம், இரண்டையும் பிணைத்திருந்தது.

பஹ்மிதா அதைப் பார்த்தாள். புரட்டி அடிப்பாகத்தைப் பார்த்தாள். வெள்ளை றப்பரின் வரிகளுக்குள் ஒரு மண் இல்லை. ஒரு பெருவிரலால் அந்த வரிகளை மேலிருந்து கீழாகத் தடவினாள்.

ஹோலில் மாமியின் குரல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. முதல் நாள் அஞ்சு. அடுத்த நாள் எட்டு.

ஜெஸீம் வாயைத் திறந்தான். "பஹ்மி..."

"ஹாஜியார் மனு எழுதப் போறாராமே" என்றாள் அவள், செருப்பைப் பார்த்தபடி. "பொம்பளையள் கதைச்சாங்க."

"ஓம்."

"அந்த மிஸ்ட பேரென்ன?"

"நிலாந்தினி."

"வாப்பாவப் பாக்க வந்த அண்டைக்கு எனக்கும் எழுப்புற விதம் காட்டித் தந்தவ. தலகாணிய வயித்தில வெச்சி." செருப்பை மடியில் வைத்தாள். "சின்னப் பிள்ள ஒண்டு இரிக்கெண்டும் சொன்னவ."

வெளியே ஹாஜியார் இருமினார். ஒலிபெருக்கி கரகரத்தது. மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"கத்தரிக்கோல் லாச்சிக்குள்ள கிடக்கு" என்றாள் பஹ்மிதா.

அவன் மேசை லாச்சியைத் திறந்து எடுத்து வந்தான். அவள் வாங்கவில்லை. இரண்டு செருப்பையும் இரண்டு கையில் விலக்கி, நூலை இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் குனிந்து வெட்டினான். சின்னச் சத்தம். அவள் இரண்டையும் ஒன்றாக அடுக்கி அவனிடம் நீட்டினாள்.

"குடுங்க."

ஹாஜியார் செருப்பை வாங்கியவுடன் போடவில்லை. கையில் வைத்துப் பார்த்தார். கதிரைகளில் இருந்தவர்களும் பார்த்தார்கள். "ஹமீட் கடைசியா நடந்த செருப்பு" என்றார், குரல் தழுதழுக்க. அது நடிப்பில்லை. கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. பிறகு நிலத்தில் போட்டு, காலை நுழைத்து, "நாளைக்குக் கையெழுத்து, மறந்திராதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

புதுச் செருப்பு மணலில் கீச்சிட்டது. இடது வாரில் வெட்டுப்பட்ட நூலின் நுனி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஆடியது. ஜெஸீம் படியில் நின்று பார்த்தான். எப்போது எண்ணத் தொடங்கினான் என்று அவனுக்குத் தெரியவில்லை. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

இருபதில் ஹாஜியார் நின்று யாருக்கோ ஸலாம் சொன்னார். கேற்றுக்கு இன்னும் இரண்டு அடி இருந்தது.